ஏரிக்கரை வரை ஒரு சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் ஆட்கள் சிலர் சேர்ந்து, வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கத்து வயல்வெளிக்கு சைக்கிளில் போகிறோம். அதில் சேரும் பணம் அங்கே ஒரு கிராமத்து ஏரியின் பாசன வாய்க்காலைத் தூர்வாரப் போகிறது. பொங்கல் முடிந்ததும் ஆளாளுக்குப் போன் செய்து ஒரே கேள்விகளைக் கேட்பதால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டோம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன. சிலவற்றில் கொஞ்சம் கோபம் தெரியும், பரவாயில்லை.

எப்போது, எங்கே, எவ்வளவு தூரம்?

குடியரசு தினத்துக்கு முந்தின ஞாயிறு. காலை ஆறு மணிக்கு மீஞ்சூர் ரயில் நிலைய வாசலில் கூடுகிறோம். தை மாதத்தில் விடியவே ஆறரை ஆகிவிடும், பனி வேறு. அதனால் வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் புறப்பாடு. காட்டூர் சாலையைப் பிடித்து, வட ஸ்ரீரங்கம் என்று சொல்லும் தேவதானம் அரங்கநாதர் கோயில் பக்கமாகப் போய், அப்புறம் ஊர்ச் சாலைகளிலும் ஏரிக்கரையிலும் சுற்றிவிட்டு மறுபடி மீஞ்சூர். மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர், அதில் மூன்று கிலோமீட்டர் மண் கரை. மதியம் பன்னிரண்டு மணிக்குள் மீஞ்சூரில் இருப்பீர்கள்.

பந்தயம் கிடையாது, நேரம் குறிப்பதில்லை, பதக்கமும் இல்லை. மெதுவாக வருபவர்தான் நிறைய பார்க்கிறார்.

எந்தக் கிராமம் என்று ஏன் எழுதவில்லை?

வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரு ஊரின் பெயரைப் போட்டு "இங்கே தண்ணீர் வரப்போகிறது, ஏரி நிறையப்போகிறது" என்று சொன்னால், விவசாயிக்கு முன்னால் மனை புரோக்கர் வந்து நிற்கிறார். வருபவர்களுக்கு அன்று காலை தெரிந்துவிடும். நேரில் பார்த்த பிறகு நீங்கள் யாரிடம் சொன்னாலும் சரி, சமூக ஊடகத்தில் மட்டும் இடத்தைக் குறித்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நான் காசிமேட்டில் இருக்கிறேன். பொன்னேரிப் பக்கத்து வயல் இருந்தால் எனக்கென்ன, போனால் எனக்கென்ன?

நியாயமான கேள்வி. 2019 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குத் தண்ணீர் தரும் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் கிட்டத்தட்ட வற்றிக் கிடந்தன. லாரி எப்போது வரும் என்று தெரியாமல் குடங்களை ராத்திரியே வரிசையில் வைத்துவிட்டு, குடத்துக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் குடிநீர் வாரியம் பணம் கொடுத்துத் தண்ணீர் எடுத்த இடங்களில் முக்கியமானவை பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயக் கிணறுகள். வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீர் நம் குடத்துக்கு வந்தது.

அது அன்றைக்குத் தொடங்கிய கதையும் இல்லை. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் 1960களின் கடைசியிலேயே ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, சென்னையின் குடிநீருக்கும் மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளுக்கும் எடுத்திருக்கிறார்கள். கடலோர மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். மேலே மழைத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தால் கடல் தள்ளியே நிற்கும். மழை ஊட்டுவதைவிட அதிகமாக நாம் இறைத்துவிட்டால், காலியான இடத்துக்குக் கடல் வந்துவிடும். மீஞ்சூர் பக்கம் அதுதான் நடந்தது. கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருந்த கிணறுகள் உப்புக் கரிக்க ஆரம்பித்தன. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987இல் சென்னைப் பெருநகருக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நல்ல தண்ணீரை எடுத்து உப்பை உள்ளே விட்ட அதே பக்கத்துக் கடற்கரையில், 2010இலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஓடுகிறது. நாளுக்கு 10 கோடி லிட்டர். மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் குழாயில் வருவதில் அதுவும் சேர்ந்திருக்கிறது. அந்த நிலையம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அது இல்லாமல் இன்றைக்கு நமக்கு ஆகாது. ஆனால் கரண்ட் செலவில்லாமல் அதே வேலையைச் செய்வது ஏரியும் நெல் வயலும். நாலு மாதம் தண்ணீர் கட்டி நிற்கும் வயல், கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் மண் கொட்டி, ரோடு போட்டு, வீடு கட்டினால் மழை ஓடி ஆற்றுக்குப் போகும். கொசஸ்தலை ஆறு எங்கே போய் முடிகிறது? எண்ணூர்க் கழிமுகத்தில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எர்ணாவூர், எண்ணூர் பக்கம் தண்ணீர் நின்றதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த முறை தண்ணீரோடு எண்ணெயும் வந்து கழிமுகத்தில் படிந்தது.

அதனால்தான் இந்தப் பயணத்தைத் தர்மகாரியம் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவர்களுடைய கிணற்றில் நாம் ஐம்பது வருடமாகக் குடித்திருக்கிறோம்.

நிலத்தைப் பாதுகாப்பது என்றால் வாங்கிப் போடுவீர்களா?

இல்லை. அமெரிக்காவில் அப்படி ஒரு வழி இருக்கிறது. பண்ணை நிலம் வைத்திருப்பவர், "இதில் இனிமேல் வீடு கட்டவோ மனை பிரிக்கவோ மாட்டோம்" என்று எழுதி, அந்த உரிமையை ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடுவார். நிலம் அவரிடமே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வாங்குபவரையும் அந்தக் கட்டுப்பாடு பிடித்துக்கொள்ளும். அந்த அறக்கட்டளைகளுக்குப் பணம் திரட்ட சைக்கிள் பயணம் நடத்துவது அங்கே வழக்கம். எங்களில் ஒருவருக்கு அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது.

இங்கே அதற்குச் சமமான சட்டம் கிடையாது. வாங்கிப் போடலாம் என்றால் அதுவும் நடக்காது. முதலாவது, எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. இரண்டாவது, தமிழ்நாட்டில் 1961ஆம் வருட நில உச்சவரம்புச் சட்டம் இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர்தான் (நிலத்தின் தரத்தைப் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர்) வரம்பு, அறக்கட்டளைகளுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. குத்தகைக்கு எடுக்கலாம் என்றால் இன்னொரு சிக்கல்: 1955ஆம் வருடச் சட்டம் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி பாதுகாக்கிறது. நல்ல சட்டம்தான், ஏழை உழவர்களைக் காப்பாற்றியது. ஆனால் அதற்குப் பயந்துகொண்டு நிலக்காரர்கள் எழுத்தில் குத்தகை கொடுப்பதில்லை. வாய்ப்பேச்சுக் குத்தகைதான் நடக்கிறது. எவனோ ஒருவன் வந்து உரிமை கேட்பானோ என்று நிலத்தைத் தரிசாகவே போட்டுவிடுபவர்களும் உண்டு.

ஆக, நிலத்தின் சொந்தக்காரர் யார் என்பதில் நாங்கள் கை வைப்பதே இல்லை. தண்ணீர் போகும் வழியில்தான் கை வைக்கிறோம்.

வாய்க்கால் தூர்வாரினால் நிலம் எப்படிக் காப்பாற்றப்படும்? புரியவில்லை.

எங்களுக்கும் புரியவில்லை. முதல் வருடம் மரக்கன்று நடுவதாகத்தான் இருந்தோம். அந்த ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார், நீர்க்கட்டி. மதகைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்துக்கொள்கிறவர். கன்றுகளோடு போய் நின்ற எங்களை அவர் மதகடிக்குக் கூட்டிப்போனார். ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளி வாய்க்காலில் போட்டார். அது நாலடி நகர்ந்து ஆகாயத்தாமரையில் முட்டி நின்றுவிட்டது. "இவ்ளோதான் தம்பி ஓட்டம். இது கடைமடைக்கு எப்ப போய்ச் சேர்றது?" என்றார். கடைமடை என்றால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்கள்.

அப்புறம் அந்த வாய்க்கால் ஓரமாகவே நடந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு மனைப்பிரிவுக்குப் போகும் சாலை குறுக்கே வந்தது. வாய்க்கால் எட்டடி அகலம் இருக்கும். சாலைக்கு அடியில் போட்டிருந்தது ஓரடி சிமெண்ட் குழாய், அதிலும் பாதி மண். இந்தப் பக்கம் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகுகிறது, அந்தப் பக்கம் வெடித்துக் கிடக்கிறது. ஒரே வாய்க்கால், நடுவில் பத்தடிச் சாலை.

நிலம் கையைவிட்டுப் போவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. கடைமடை வயலுக்கு இரண்டு பருவம் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி நடவு செய்ய மாட்டார். மூன்றாவது பருவம் வேலிகாத்தான் முளைக்கும். நகரத்து ஆட்கள் சீமைக்கருவேலம் என்று சொல்வது அதைத்தான். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில், அதாவது ஊரின் பயிர்க் கணக்கில், பயிர் என்று எழுத ஒன்றுமில்லாமல் தரிசு என்று எழுதுவார். நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கேட்டு யாராவது மனு கொடுக்கும்போது, "பல வருடமாகத் தரிசாகத்தானே கிடக்கிறது" என்பதைவிட வசதியான வாதம் கிடையாது. அதற்கு அடுத்த வருடம் வெள்ளையடித்த கல், நாலு கலர் கொடி, வளைவு. பயிர் நிற்கிற வயலில் கல் நடுவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். அதனால் பயிர் நிற்கட்டும் என்று பார்க்கிறோம்.

பணம் சரியாக எதற்குப் போகிறது?

பெரும்பகுதி பொக்லைன் வாடகைக்கும் டீசலுக்கும். மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது, வண்டி வந்து திரும்பும் செலவு தனி. பொக்லைன் இறங்க முடியாத குறுகலான இடங்களில் ஆள் வைத்துத்தான் வெட்ட வேண்டும், அந்தக் கூலி அதே ஊர் ஆட்களுக்குத்தான் போகிறது. மிச்சம் மதகுப் பலகை, சின்ன மராமத்து. ஒரு தடவை மதகுக் கதவின் திருகு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மூன்று பேர் தொங்கியும் அசையவில்லை. தண்டையார்பேட்டை லேத் பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, புதிதாகக் கடைந்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை.

நாங்களாகப் போய் எதையும் வெட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையின் ஏரி, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. இரண்டுக்கும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு மனு. ஏரிக்குள் இருந்து வண்டல் எடுத்து வயலுக்கு அடிக்க வேண்டுமென்றால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். இந்த அலைச்சலை எல்லாம் ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் நாங்கள் பணத்தைக் கொடுப்போம். ஒரு வருடம் கடிதம் வர ஆடி ஆகிவிட்டது, பணம் அதுவரை சும்மாவே இருந்தது.

கட்டணம் எவ்வளவு? ரசீது உண்டா? கணக்குக் காட்டுவீர்களா?

பெரியவர்களுக்கு 300 ரூபாய், மாணவர்களுக்கு 50. முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம், அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள். கைப்பட எழுதிய ரசீது உண்டு. 80ஜி வரிச்சலுகை கிடையாது, நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை. வரவு செலவை பொக்லைன்காரர் பில்லோடு சேர்த்து, நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடையின் சுவரில் ஒட்டுவோம். டீ மாஸ்டர் எங்களைவிடக் கறாரான ஆடிட்டர்.

அப்படியென்றால் நிலத்தை விற்கும் விவசாயி கெட்டவரா?

இல்லவே இல்லை. அப்படிப் பேசுபவரைக் கூட்டத்தில் வைத்துக்கொள்ள எங்களுக்கு இஷ்டமில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் விலை சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. ஒரு ஏக்கரில் 20 குவிண்டால் விளைந்தது என்று வைத்தால் கைக்கு 50,000. அதில் உழவு, விதை, நடவு, களை, உரம், மருந்து, அறுவடை மெஷின், மூட்டை, வண்டி எல்லாம் கழிய வேண்டும். அறுக்கிற நேரத்தில் ஒரு மழை பெய்து நெல் ஈரமாகிவிட்டால் கொள்முதல் நிலையத்தில் எத்தனை நாள் காய வைத்துக் காத்துக்கிடப்பது என்பது தனிக் கதை.

அதே ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் 18 கிரவுண்டு. அவர்கள் ஏக்கர், சென்ட் என்று சொல்லும்வரை அது வயல். நாம் கிரவுண்டு, சதுர அடி என்று கேட்க ஆரம்பித்தால் அது மனை. சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போக மிச்சத்தை விற்றாலும், பல வருடம் நெல் விளைவித்தாலும் பார்க்க முடியாத பணம். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வரும்போது யாராக இருந்தாலும் விற்கத்தான் செய்வார்கள். எங்கள் தாத்தாக்களும் செங்கல்பட்டு, ஆற்காடு, நெல்லூர் பக்கத்தில் நிலத்தை விற்றோ விட்டோதான் இந்த வடசென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். விற்க விருப்பமில்லாதவர், பக்கத்து மனைக்காரர் வாய்க்காலை அடைத்ததால் விற்க வேண்டிய நிலை வரக்கூடாது. எங்கள் கவலை அவ்வளவுதான்.

இன்னொன்று. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள். திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள் பலவும் இப்போது வரைபடத்தில் பெருநகரத்துக்குள் வந்துவிட்டன. அங்கே நடுவது இன்னும் நாற்றுதான்.

என்னுடையது பழைய சைக்கிள், கியர் இல்லை. வரலாமா? மகள் பள்ளியில் கொடுத்த சைக்கிளில் வருகிறேன் என்கிறாள்.

தாராளமாக. வருபவர்களில் பாதிப் பேர் கியர் இல்லாதவர்கள்தான். அந்தப் பக்கம் மேடு என்று சொன்னால் அது ஏரிக்கரை மட்டும்தான், அதை இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறலாம். நம் பக்கத்தில் ஓடும் பழைய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அம்பத்தூர் கம்பெனிச் சரக்கு, எண்ணெய் விட்டால் இன்னும் இருபது வருடம் ஓடும்.

பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளும் போதும். ஒன்றே ஒன்று: முதல் நாளே கடையில் காட்டி, எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், சக்கரம் ஆடினால் கோட்டம் எடுத்துவிடுங்கள். கொருக்குப்பேட்டை பஞ்சர் கடை அண்ணன் பயணத்துக்கு முந்தின சனிக்கிழமை முழுக்க எங்களுக்காக உட்காருகிறார். கோட்டம் எடுக்கக் காசு வாங்க மாட்டார், உதிரி பாகத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

சைக்கிளே இல்லையே?

ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று எடுத்துப் போகலாம். இப்போது அது கிடையாது. முன்கூட்டியே சொன்னால், வர முடியாதவர்களின் சைக்கிளைக் கேட்டு வாங்கி வைக்கிறோம். எட்டு, பத்து தேறும். அதற்கு மேல் முடியாது.

ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா?

வேண்டாம். நீங்கள் மட்டும் கும்மிடிப்பூண்டி வண்டியில் வாருங்கள். சைக்கிள் எங்களுடைய குட்டி யானையில் (சின்னச் சரக்கு வண்டி) வரும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பஞ்சர் கடையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஹேண்டில்பாரில் பெயர் எழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள். போன தடவை ஒரே மாதிரி மூன்று கறுப்பு சைக்கிள். மீஞ்சூரில் கால் மணி நேரம் பஞ்சாயத்து.

ரயிலில் வரும்போது வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். எண்ணூர் தாண்டி ஆற்றைக் கடக்கும்போது ஒரு பார்வை, அத்திப்பட்டில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், அப்புறம் மீஞ்சூர். நாம் வாழும் பக்கம் எது, போகும் பக்கம் எது என்று அந்த அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

திருவொற்றியூரிலிருந்தே ஓட்டிக்கொண்டு வரக்கூடாதா? ரயிலில் போய் சைக்கிள் ஓட்டுவது ஒரு பயணமா?

இதைக் கேட்காத வருடம் கிடையாது. முதல் வருடம் திருவொற்றியூர் தேரடியிலிருந்தே ஓட்டினோம். மணலி, மணலி புதுநகர் வழியாக டி.பி.பி. (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலை. துறைமுகத்துக்குப் போகிற, வருகிற டிரெய்லர்கள் விடிகாலையிலேயே வரிசை கட்டி நிற்கும். ஓரமாகப் போகலாம் என்றால் ஓரம் என்று ஒன்று கிடையாது, புழுதியும் பள்ளமும்தான். எங்களில் ஒருவருடைய முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, ஆள் சாலைக்குள் விழுந்தார். பின்னால் வந்த டிரெய்லர் கிறீச்சென்று நின்றது, சக்கரத்துக்கும் அவருக்கும் நாலு முழம்கூட இருக்காது. டிரைவர் இறங்கி வந்து எங்கள் எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்புறம் கேபினிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்து வந்து, விழுந்தவர் முழங்கையைக் கழுவிவிட்டது அவர்தான். அவர் திட்டியது எல்லாம் சரி என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

அதனால் மீஞ்சூரிலிருந்துதான் பயணம். தனியாக ஓட்டி வந்து மீஞ்சூரில் சேர்ந்துகொள்வது உங்கள் இஷ்டம், ஆனால் அதை நாங்கள் சொல்லிச் செய்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகள், வயதானவர்கள்?

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூடவே ஓட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கேரியரில் வைத்து டபுள்ஸ் வரலாம், மண் கரையில் மட்டும் இறக்கி நடக்க விடுங்கள். வயதுக்கு மேல் வரம்பு இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அப்பா வருகிறார், எழுபது தாண்டியவர். பெரும்பாலும் அவர்தான் முன்னால் போய் நின்று எங்களுக்காகக் காத்திருப்பார். முடியாமல் போனால் குட்டி யானை பின்னாலேயே வருகிறது, ஏறிக்கொள்ளலாம். ஹெல்மெட் இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். பெண்களுக்கு: வழியில் கழிப்பறை வசதி ஊராட்சிப் பள்ளியில் கேட்டு வைத்திருக்கிறோம், அதுபோக மீஞ்சூரில்தான்.

சாப்பாடு?

புறப்படும் முன் டீ, பன். ஊருக்குப் போனதும் கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம், நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. கருவாடு காசிமேட்டிலிருந்து நாங்கள் கொண்டு போகிறோம், கூழ் அந்த ஊர் அம்மாக்கள் காய்ச்சுகிறார்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு மாங்காய் ஊறுகாய் உண்டு. டம்ளரை நீங்களே கொண்டு வாருங்கள், பேப்பர் கப் வாங்குவதில்லை. குடிதண்ணீர் குறைந்தது ஒரு லிட்டராவது கையில் இருக்கட்டும். அங்கே சில கிணறுகளில் இன்னும் உப்புத்தான்.

வழியில் பஞ்சரானால்?

பஞ்சர் கடை அண்ணனும் கூடவே வருகிறார்; பம்பு, சொல்யூஷன், பழைய டியூப் துண்டுகள் எல்லாம் அவர் பையில் இருக்கும். ஏரிக்கரையில் வேலிகாத்தான் முள்தான் முதல் எதிரி. அதனால் கரையில் ஒருவர் போன தடத்திலேயே பின்னால் போங்கள்.

அங்கே என்ன செய்யக்கூடாது?

அறுவடை நேரம். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், சாலையிலும் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் சைக்கிள் ஏற்றாதீர்கள், சுற்றிப் போங்கள். செருப்போடு களத்தில் ஏறாதீர்கள். வேலை செய்பவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். மேலே ட்ரோன் பறந்தால் நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள், ஒரு தடவை பெரிய சண்டையே வந்துவிட்டது.

வரப்பில் நடக்கும்போது ஒற்றை வரிசை. நாற்பது பேர் நடந்து போனால் வரப்பு சரிந்துவிடும், அதைக் கட்டுவது அந்த வீட்டுக்கார அம்மாவின் ஒரு நாள் வேலை.

இது போராட்டமா? எந்தக் கட்சி?

கட்சி இல்லை, கொடி இல்லை, கோஷம் இல்லை. வருபவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், துறைமுகத்திலும் அனல் மின் நிலையத்திலும் சம்பளம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். காலையில் டீக்கடையில் நன்றாகவே சண்டை போட்டுக்கொள்வார்கள், சைக்கிளில் ஏறிவிட்டால் மூச்சுக்கே சரியாக இருக்கும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுகிறோம்.

ஏன் குடியரசு தினத்துக்கு முந்தின ஞாயிறு?

ஜனவரி 26 அன்று எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: அது போக மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் உறுப்பினர்கள், நாம் போய் அங்கே பேச முடியாது, பேசவும் கூடாது. ஆனால் நாம் போய்வந்த சில நாளுக்குள் கூட்டம் நடப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. அந்த ஓரடிக் குழாயை எடுத்துவிட்டுச் சிறுபாலம் கட்ட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் தீர்மானம் போட்டார்கள். "மெட்ராஸ்லேர்ந்து அறுபது பேர் வந்து பார்த்துட்டுப் போறாங்க, நாம சும்மா இருக்கோம்" என்று ஒரு அம்மா கூட்டத்தில் கேட்டாராம். பாலம் இன்னும் வரவில்லை. குழாயில் இருந்த மண்ணை மட்டும் எடுத்தாகிவிட்டது.

மழை வந்தால்?

ஜனவரியில் பெரும்பாலும் வராது. வந்தால் அடுத்த ஞாயிறு.

நான் அந்தப் பக்கம் மனை வாங்கியிருக்கிறேன். வந்தால் திட்டுவீர்களா?

திட்ட மாட்டோம். எங்கள் கூட்டத்திலேயே மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள். வாடகை வீட்டிலேயே முப்பது வருடம் இருந்தவர் சொந்தமாக முக்கால் கிரவுண்டு வாங்கினால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வரும்போது மனையின் புல எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டிலும் (ஊரின் நிலப் பதிவேடு) அதன் பக்கத்தில் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று எங்கள் ஆள் ஒருவர் பார்த்துச் சொல்வார், தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டதும், 2017இல் அப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கி ஒழுங்குபடுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் ஞாபகம் இருக்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்வது உங்களுக்கே நல்லது. அப்புறம் நீர்க்கட்டிப் பெரியவரிடம் இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். கார்த்திகை மழையில் அங்கே கணுக்கால் வரை நிற்குமா, இடுப்பு வரை நிற்குமா என்று அவருக்கு மனப்பாடம். மனையை விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.